வாய்க்குள் ஒரு செப்புக்காசு: எல்மர் மெக்கர்டி வழக்கு

கலிபோர்னியாவின் லாங் பீச் கடற்கரையில் 'தி பைக்' என்று ஒரு பழைய கேளிக்கைப் பூங்கா இருந்தது. ராட்டினம், குறிபார்த்துச் சுடும் கடை, சிறு வண்டியில் உட்கார வைத்து இருட்டுக்குள் ஓட்டிச் செல்லும் பேய் வீடு. நம் தீவுத்திடல் பொருட்காட்சிப் பேய் வீட்டுக்கு அது பெரியண்ணன். 1976 டிசம்பர் 8 அன்று 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு அதற்குள் நடந்துகொண்டிருந்தது. மூலையில் தூக்குக் கயிற்றில் ஓர் ஆண் பொம்மை தொங்கியது. வற்றிச் சுருங்கிய உருவம். இருட்டில் மினுங்கும் சாயம் பூசியிருந்தது. காட்சிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று குழுவில் ஒருவர் அதை நகர்த்தப் போனார். பொம்மையின் கை முறிந்து அவர் பிடியில் வந்துவிட்டது. முறிந்த இடத்தைப் பார்த்தார்கள். உள்ளே எலும்பு இருந்தது.

போலீஸ் வந்தது. பொம்மை லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மரண விசாரணை அலுவலகத்துக்குப் போனது. மர்லின் மன்றோவின் உடலைக் கூறாய்வு செய்த தாமஸ் நொகுச்சி தலைமை வகித்த அலுவலகம் அது. விசித்திரச் சாவுகளுக்குப் பழகிப்போன இடம்தான். என்றாலும் பேய் வீட்டுக் கயிற்றிலிருந்து இறக்கிய உடல் தினமும் வருவதில்லை.

கொலை வழக்கு என்றால் முதலில் மூன்று கேள்விகள் வரும்: யார், எப்போது, எப்படி. இந்த வழக்கில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. செத்துப்போன ஒரு மனிதன் எப்படிப் பொம்மையானான்? முதல் மூன்றுக்கும் சில மாதங்களில் விடை கிடைத்துவிட்டது. எனக்கு இந்த வழக்கில் பெரிதாகப்படுவது நான்காவதுதான்.

மேசைமேல் கிடந்தது என்ன

மறுநாள் டிசம்பர் 9 அன்று டாக்டர் ஜோசப் சோய் கூறாய்வு செய்தார். உயரம் 63 அங்குலம். எடை ஏறக்குறைய 50 பவுண்டு, அதாவது 23 கிலோ. பள்ளிக்கூடம் போகும் சிறுவனின் எடை. மேலே மெழுகும் சாயமும் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. காதுகள் இல்லை. கைவிரல்கள் சில இல்லை, கால் பெருவிரல்கள் இல்லை. தலையின் பக்கவாட்டிலும் பின்னாலும் முடி மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்பின் வலப்புறம் குண்டு நுழைந்த காயம். குண்டு எப்போதோ எடுக்கப்பட்டிருந்தது; அதன் செம்புக் கவசத் துண்டு மட்டும் இடுப்பெலும்புப் பகுதியில் தங்கியிருந்தது. அந்த வகைக் கவசம் 1905 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. மார்பில் நுழைந்தது இடுப்பு வரை இறங்கியிருக்கிறது என்றால், சுடப்பட்டவன் நின்றுகொண்டிருக்கவில்லை. படுத்திருக்க வேண்டும். நுரையீரலில் காசநோயின் தடம் இருந்தது. ஒரு முறை ஏற்கெனவே கூறாய்வு செய்து தைத்த வெட்டுகளும் இருந்தன.

தசையைச் சோதித்தபோது ஆர்சனிக் கொட்டிக் கிடந்தது. விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று அவசரப்பட வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து பிணத்தைப் பதப்படுத்துவோர் கையாண்ட சரக்கு அது. ரத்தக் குழாய் வழியாக ஆர்சனிக் கரைசலை ஏற்றினால் அழுகலை உண்டாக்கும் கிருமிகள் பிழைக்காது; உடல் அழுகுவதற்குப் பதிலாக உலரத் தொடங்கும். ஆர்சனிக் சிதைந்து மறைகிற பொருளும் அல்ல. பதப்படுத்துபவரின் உடம்பையும் அது கெடுத்தது. யாருக்காவது உண்மையிலேயே ஆர்சனிக் கொடுத்துக் கொன்றிருந்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளோடு அந்த வழக்கம் ஒழிந்துபோனது. ஆக, இந்த ஆள் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

காலம் கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை. அது வாயில் இருந்தது.

தாடையைத் திறந்து பார்த்தபோது உள்ளே 1924ஆம் ஆண்டு அச்சடித்த ஒரு சென்ட் செப்புக்காசு. கூடவே கிழிந்த டிக்கெட் துண்டுகள். ஒன்று லாங் பீச்சிலேயே இருந்த ஒரு காட்சிக்கூடத்துடையது. இன்னொன்றில் 'லூயி சோனியின் குற்ற அருங்காட்சியகம்' என்று அச்சாகியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த யாரோ, எப்போதோ, கையிலிருந்ததைப் பிணத்தின் வாயில் திணித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். 65 ஆண்டுகளில் இந்த உடலைக் கைமாற்றிய யாரும் ஒரு காகிதம்கூட எழுதி வைக்காதபோது, குப்பையாகப் போட்டது ஆவணமாகத் தங்கிவிட்டது.

லூயி சோனி 1949இலேயே இறந்துவிட்டார். மகன் டான் சோனியை அழைத்துக் கேட்டார்கள். அவர் தயங்காமல் சொன்னார்: அது எல்மர் மெக்கர்டி.

தொழில் தெரியாத திருடன்

எல்மர் 1880 ஜனவரியில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் பிறந்தார். தாய் சேடிக்கு அப்போது 17 வயது, திருமணம் ஆகியிருக்கவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி, சேடியின் அண்ணன் ஜார்ஜும் அவர் மனைவி ஹெலனும் குழந்தையைத் தங்கள் பிள்ளையாக எடுத்து வளர்த்தார்கள். தாய்மாமனை அப்பா என்றும் பெற்றவளை அத்தை என்றும் நினைத்துப் பத்து வயது வரை வளர்ந்த பிள்ளை. 1890இல் ஜார்ஜ் காசநோயில் இறந்த பிறகு சேடி உண்மையைச் சொன்னார். பையன் அதைத் தாங்கவில்லை. குடி சிறுவயதிலேயே தொற்றிக்கொண்டது. சாகும் வரை விடவில்லை.

குழாய் வேலை கற்றுக்கொண்டார், நன்றாகவே செய்தார் என்கிறார்கள். 1900இல் தாயும் தாத்தாவும் அடுத்தடுத்த மாதங்களில் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராக அலைச்சல்: கான்சஸ், மிசௌரி, ஈயச் சுரங்கங்கள். சுரங்கத் தூசி நுரையீரலில் ஏறியது. 1907இல் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவத்தைக் கையாளும் பயிற்சி கொஞ்சம் கிடைத்தது. அந்தக் 'கொஞ்சம்' தான் அவர் வாழ்க்கையைக் கெடுத்தது என்பது என் எண்ணம். முழுதாகக் கற்றிருந்தால் ஒருவேளை தேறியிருப்பார். கற்காமலே இருந்திருந்தால் குழாய் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

1910 நவம்பர் 7 அன்று நற்சான்றோடு ராணுவத்திலிருந்து வெளியே வந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மிசௌரியின் செயின்ட் ஜோசப் நகரில் நண்பரோடு பிடிபட்டார். பையில் உளிகள், இரும்பறுக்கும் ரம்பங்கள், வெடிதிரவம் ஊற்றும் புனல், வெடிமருந்து, பணம் போடும் கோணிப்பைகள். திருட்டுக்கென்றே கட்டிய மூட்டை. நீதிமன்றத்தில் எல்மர் சொன்ன விளக்கம் இதுதான்: காலால் மிதித்து இயக்கும் இயந்திரத் துப்பாக்கி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம், அதற்கான கருவிகள் இவை. பணப்பைகள் அந்தத் துப்பாக்கியின் எந்தப் பாகம் என்று யாரும் கேட்கவில்லை போலும். 1911 ஜனவரியில் ஜூரி அவரை விடுதலை செய்தது. அவர் வாழ்நாளில் சாதித்த ஒரே வெற்றி அந்த விடுதலை.

சிறையில் பழகியவர்களோடு சேர்ந்து அந்த மார்ச்சிலேயே ஓக்லஹோமாவில் ஒரு ரயிலை மறித்தார். பெட்டகத்தில் 4,000 டாலர் இருப்பதாகக் கேள்வி. எல்மர் நைட்ரோகிளிசரினை ஊற்றினார். சற்று அதிகமாகவே ஊற்றிவிட்டார். பெட்டகம் திறந்தது, உள்ளே இருந்த பணமும் பெரும்பாலும் அதோடு போனது. வெள்ளி நாணயங்கள் உருகிப் பெட்டகத்தின் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டன. தேறியது ஏறத்தாழ 450 டாலர்.

செப்டம்பரில் கான்சஸின் சடாக்வா என்ற ஊரில் ஒரு வங்கி. இரண்டு மணி நேரம் சுவரைச் சுத்தியலால் இடித்து உள்ளே போனார்கள். இந்த முறை வெடித்ததில் காப்பறையின் கதவு பறந்து போய் வங்கியின் உட்புறத்தை நாசமாக்கியது. பணப்பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டாவதாக வைத்த வெடி பற்றவேயில்லை. காவலுக்கு நின்றவன் பயந்து ஓடிவிட்டான். வெளியே தட்டில் கிடந்த சில்லறையை அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள்: 150 டாலர்.

மூன்றாவது, கடைசியானது. அதைச் சொல்வதற்கு முன் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

எண்ணெய் ஊறும் மலை

ஓக்லஹோமா 1907 நவம்பரில்தான் மாநிலமானது. அதற்கு முன்பு அது 'இந்தியப் பிரதேசம்'. கிழக்கேயிருந்து விரட்டப்பட்ட பூர்வகுடிகளைக் கொண்டுவந்து குவித்த இடம். ஓசேஜ் மக்களுக்குக் கிடைத்தது விவசாயத்துக்கு ஆகாத குன்றுப் பகுதி. அவர்கள் கெட்டிக்காரர்கள். 1906இல் நிலத்தைத் தனித்தனியாகப் பங்கிடச் சட்டம் வந்தபோது, மேல்மண்ணைப் பங்கிட்டுக்கொள்ளலாம், நிலத்தடிச் செல்வம் மட்டும் குலத்தின் பொதுச்சொத்தாகவே இருக்கும் என்று எழுதி வாங்கினார்கள். பட்டியலில் இருந்த 2,229 பேருக்கும் எண்ணெய் வருமானத்தில் சம பங்கு. எண்ணெய் பீறிட்டது. அந்தப் பணத்துக்காகவே அவர்களில் பலர் 1920களில் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பது வேறொரு பெருங்கதை, எல்மருடையதைவிட இருண்டது.

1911இல் அந்தப் பங்குத்தொகை ரயிலில் ரொக்கமாக வந்துகொண்டிருந்தது. எல்மரின் காதுக்கு எட்டிய எண் 400,000 டாலர். அக்டோபர் 4 அன்று, ஓக்கேசா என்ற சிற்றூரின் அருகே 'கேட்டி' ரயிலை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, அது வேறு ரயில். சாதாரணப் பயணிகள் வண்டி. வந்ததற்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று, தபால் எழுத்தரிடம் இருந்த 46 டாலரைப் பிடுங்கினார்கள். இரண்டு பெரிய ஜாடி விஸ்கி, ஒரு கைத்துப்பாக்கி, ஒரு மேல்கோட்டு, நடத்துநரின் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ, அதுவும் போனது. ரயில் கொள்ளை வரலாற்றிலேயே மிகச் சிறிய தொகைகளில் ஒன்று என்று அன்றைய பத்திரிகை எழுதியது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்களுக்கு எலியாவது முழுதாகக் கிடைத்தது.

பணத்தை விட்டுவிடுங்கள், விஸ்கிதான் எல்மரைக் கொன்றது. பழக்கமான ஒருவரின் பண்ணையில் வைக்கோல் கொட்டகைக்குள் படுத்துக்கொண்டு இரண்டு நாள் குடித்தார். தலைக்கு 2,000 டாலர் அறிவித்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. அக்டோபர் 7 விடியற்காலையில் பாப் ஃபென்டன், ஸ்ட்ரிங்கர் ஃபென்டன், டிக் வாலஸ் என்ற மூன்று ஷெரீப் ஆட்கள் மோப்ப நாய்களோடு கொட்டகையைச் சூழ்ந்தார்கள். ஏழு மணி வாக்கில் உள்ளேயிருந்து முதல் குண்டு வந்தது. ஒரு மணி நேரம் இருதரப்பும் சுட்டுக்கொண்டார்கள். பிறகு உள்ளே சத்தம் அடங்கியது. யாருடைய குண்டு பட்டது என்று எங்களுக்கே தெரியாது என்று பாப் ஃபென்டன் சொன்னது மறுநாள் பத்திரிகையில் வந்தது. வைக்கோல்மேல் படுத்தபடி சுட்டவனின் மார்பில் நுழைந்து கீழிறங்கிய குண்டு அது. 1976இல் டாக்டர் சோய் பார்த்த காயத்தின் பாதை அதனால்தான் அப்படி இருந்தது.

வயது 31. எல்மரின் குற்ற வாழ்க்கை தொடங்கி முடிய ஓராண்டு பிடிக்கவில்லை. 'மேற்கின் கடைசி ரயில் கொள்ளையன்' என்றெல்லாம் பிற்பாடு அடைமொழி ஒட்டினார்கள். எல்லைப்புறம் என்று ஒன்று இனி இல்லை என அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1890இல் அறிவித்துவிட்டது. எல்மர் இருபது ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்த நடிகர். கொட்டகையைப் பிரித்த பிறகு மேடையைத் தேடியவர்.

வாய்க்கரிசி இல்லை, வாய்க்காசு

உடலை பாஹஸ்கா என்ற ஊரில் இறுதிச்சடங்குத் தொழில் நடத்திய ஜோசப் ஜான்சனிடம் ஒப்படைத்தார்கள். உறவினர் வரத் தாமதமாகும் என்றால் ஆர்சனிக் கலந்து பதப்படுத்துவது அவர்கள் வழக்கம். ஜான்சன் முகத்தை மழித்து, கோட்டு சூட்டு போட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. வேலை செய்த கூலியை யாராவது கொடுக்கும் வரை புதைக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

அனாதைப் பிணத்துக்குக் கொள்ளி வைத்தால் அசுவமேத யாகம் செய்த புண்ணியம் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஜான்சன் வேறு கணக்குப் போட்டார். கோட்டைக் கழற்றி, தெருவில் நடமாடும் உடுப்பை மாட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, கடையின் மூலையில் நிற்க வைத்தார். 'சரணடையாத கொள்ளைக்காரன்' என்று பெயர். பார்க்க ஐந்து சென்ட் நாணயம் ஒன்று. அதை வருகிறவர்கள் பிணத்தின் வாயிலேயே போடுவார்கள், ஜான்சன் பிறகு எடுத்துக்கொள்வார் என்று சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் எந்தத் தமிழ் வாசகருக்கும் வாய்க்கரிசி நினைவு வராமல் இருக்காது. செத்தவர் வாயில் அரிசியை இடுவது நாம் கொடுத்து அனுப்பும் கடைசிச் சாப்பாடு. அதோடு அவர் நம்மிடமிருந்து விடைபெற்றுவிடுகிறார். பாஹஸ்காவில் அதே வாயில் விழுந்த ஒவ்வொரு காசும் அவரைப் போகவிடாமல் இன்னொரு நாள் நிறுத்தி வைத்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எல்மர் இருந்தபோது கடைசியாகச் சம்பாதித்தது 46 டாலரில் ஒரு பங்கு. ஐந்து ஐந்து சென்ட்டாக ஐந்து ஆண்டுகள் செத்த பின்பு சம்பாதித்ததோடு அதை ஒப்பிடவே முடியாது.

ஊர் ஊராகக் காட்சி நடத்துவோர் பலர் விலைக்குக் கேட்டார்கள். ஜான்சன் கொடுக்கவில்லை. 1916 அக்டோபரில் கலிபோர்னியாவிலிருந்து வருகிறேன் என்று ஒருவர் வந்தார். எல்மரின் தொலைந்துபோன அண்ணன் தம்பியாம். ஷெரீப்பிடமும் உள்ளூர் வக்கீலிடமும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். உடலை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யப்போவதாகச் சொன்னார். ஐந்து ஆண்டில் முதல் முறையாக எல்மருக்காக ஓர் உறவு வந்து நின்றது. அதுவும் பொய். வந்தவர்கள் ஜேம்ஸ் பேட்டர்சன், சார்ல்ஸ் பேட்டர்சன் என்ற சகோதரர்கள்; ஜேம்ஸ் ஊர்சுற்றும் கார்னிவல் ஒன்றின் முதலாளி. உடல் ரயிலேறியது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகவேயில்லை.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒன்று உதிர்ந்தது

பேட்டர்சன் காலம் 1922 வரை. அப்போதும் அவர் 'உயிரோடு பிடிபடாத கொள்ளைக்காரன்', தொழிலாவது மிஞ்சியிருந்தது. பிறகு வாங்கியவர் லூயி சோனி. வாஷிங்டன் மாநிலத்தின் சென்ட்ரேலியா ஊரில் போலீஸ்காரராக இருந்து, 1921இல் ராய் கார்ட்னர் என்ற பேர்பெற்ற ரயில் கொள்ளையனைப் பிடித்தவர். அந்தப் புகழையே முதலாகப் போட்டுக் குற்ற அருங்காட்சியகம் நடத்தினார். ஜெஸ்ஸி ஜேம்ஸ், பில் டூலின் போன்ற பெரிய கொள்ளைக்காரர்களெல்லாம் அங்கே மெழுகில் நின்றார்கள். சின்னக் கொள்ளைக்காரன் ஒருவன் மட்டும் நிஜமாக நின்றான். 1928இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஓட்டப்பந்தயம் ஒன்று நடந்தபோது அதன் கூடவே போன காட்சிக்கூட்டத்தில் எல்மரும் இருந்தார்.

1933இல் டுவெயின் எஸ்பர் என்ற திரைப்பட இயக்குநர் கையில் உடல் போனது. போதைப்பொருளைப் பற்றி அவர் எடுத்த படத்துக்கு விளம்பரமாகத் திரையரங்க வாசலில் நிறுத்தினார். புதிய கதையும் கட்டினார்: இது ஒரு போதை அடிமை, மருந்துக்கடையைக் கொள்ளையடித்துப் போலீஸ் சூழ்ந்ததும் தற்கொலை செய்துகொண்டான். அதற்குள் தோல் வற்றி மரப்பட்டைபோல் ஆகியிருந்தது. போதை மருந்து தோலை என்ன செய்துவிட்டது பாருங்கள் என்று அதையே சாட்சியாகக் காட்டினார். வாழ்நாள் முழுக்கச் சாராயத்தில் ஊறிய மனிதனுக்கு, செத்து 22 ஆண்டு கழித்து வேறொரு போதைப் பழக்கத்தைக் கட்டிவிட்டார்கள்.

எஸ்பரைப் பற்றிப் படிக்கும்போது கோபம் வருவது எளிது. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது பொய்தான் என்றாலும், பார்ப்பவர்களிடம் 'இது ஒரு மனிதன்' என்றாவது சொன்னார். அடுத்து வந்தவர்கள் யாரிடமும் எந்தக் கதையும் இல்லை. அங்கேதான் எல்மர் மனிதர் கணக்கிலிருந்து பொருள் கணக்குக்கு மாறுகிறார்.

லூயி சோனி 1949இல் இறந்த பின் உடல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிடங்கில் கிடந்தது. 1964இல் படத்தயாரிப்பாளர் ஒருவருக்கு இரவல் போய், 1967இல் வெளிவந்த ஒரு மலிவுத் திகில் படத்தில் கொஞ்ச நேரம் தலைகாட்டியது. 1968இல் டான் சோனி மெழுகு உருவங்களோடு சேர்த்து 10,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் ஸ்பூனி சிங். பஞ்சாபில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, 1965இல் ஹாலிவுட் மெழுகு அருங்காட்சியகத்தைத் திறந்த சீக்கியர். ஓக்லஹோமா கொள்ளைக்காரனின் பயணத்தில் நம் நாட்டுப் பெயர் ஒன்று குறுக்கிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிங் அதைக் கனடாக்காரர்கள் இருவருக்காக வாங்கினார். அவர்கள் மவுண்ட் ரஷ்மோர் மலையடியில் காட்சி வைத்தார்கள். அங்கே அடித்த புயற்காற்றில் காது நுனிகளும் விரல்களும் முறிந்து பறந்தன. திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது, காட்சிக்கு வைக்க முடியாத அளவுக்குக் கோரமாக இருக்கிறது, போதாக்குறைக்கு நிஜமான ஆள் மாதிரியும் இல்லை என்று சிங் ஒதுக்கிவிட்டார். இந்த வழக்கின் காகிதங்கள் முழுவதிலும் என்னை நிறுத்தி வைத்த வாக்கியம் அதுதான். மெழுகில் மனிதரைச் செய்து பழகிய கண்ணுக்கு, மனிதன் மனிதன்போல் தெரியவில்லை.

பிறகு 'தி பைக்' பூங்காவின் பங்குதாரர் ஒருவர் வாங்கினார். சாயம், தூக்குக் கயிறு, பேய் வீட்டு மூலை. வண்டியில் கடந்து போனவர்கள் அலறினார்கள். ஒரு பொம்மையைப் பார்த்து அலறுவதாக நினைத்துக்கொண்டு.

இந்தச் சங்கிலியில் பிணத்தை மறைத்து வைத்தவர் ஒருவருமில்லை. எல்லோரும் அதைக் காட்டத்தான் செய்தார்கள். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஜான்சன் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார், உறவைச் சரிபார்க்கவில்லை. பேட்டர்சன்கள் தொழிலை வைத்துக்கொண்டு உறவைப் புனைந்தார்கள். எஸ்பர் தொழிலையும் மாற்றினார். அதன் பின்பு வந்தவர்கள் கேட்கவே இல்லை. ஒரு மாட்டை விற்றால்கூடச் சுழி பார்த்து, பல் பார்த்து, யாரிடம் வாங்கினாய் என்று விசாரிப்பார்கள்.

பெயரை உறுதிசெய்தது எப்படி

டான் சோனியின் வாய்மொழி மட்டும் போதாது என்று நொகுச்சியின் அலுவலகம் நினைத்தது, அது சரியும்கூட. இத்தனை பொய் சொல்லி விற்ற சரக்குக்கு இன்னும் ஒருவர் வாக்குமூலம் எந்த அளவுக்குச் செல்லும்? ஓக்லஹோமாவைச் சேர்ந்த தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோவை வரவழைத்தார்கள். பின்னாளில் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி கொன்று புதைத்தவர்களின் எலும்புகளைத் தோண்டி அடையாளம் காண இளைஞர் குழு ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

ஸ்னோவின் முறை கேட்க எளிமையானது. மண்டையோட்டை ஊடுகதிர்ப்படம் எடுத்தார். 1911இல் எல்மர் இறந்த கையோடு எடுத்த புகைப்படத்தின்மேல் அதைப் பொருத்திப் பார்த்தார். கண்குழி, மூக்கெலும்பு, தாடைக்கோணம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. ஜான்சன் வியாபாரத்துக்காகக் கெடாமல் காத்து, கேமராவுக்கும் காட்டி வைத்த அந்த முகம்தான் கடைசியில் அடையாளச் சான்றாக நின்றது. உடலில் இருந்த வடுவும், கால் எலும்பின் புடைப்பும், சுரங்கம் தந்த காசநோயும் பழைய பதிவுகளோடு ஒத்துப்போயின.

செய்தி டிசம்பர் 11 முதல் நாடெங்கும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஓடியது. இலவசமாக அடக்கம் செய்துதருகிறோம் என்று பல இறுதிச்சடங்கு நிறுவனங்கள் முன்வந்தன. 65 ஆண்டு முன்னால் ஒரு கடைக்காரர் கூலிக்காகப் புதைக்க மறுத்த பிணத்துக்கு இப்போது போட்டி. அதிகாரிகள் அவசரப்படவில்லை, உறவினர் யாராவது வருகிறார்களா என்று காத்தார்கள். இந்த முறை போலி அண்ணன்கூட வரவில்லை. கடைசியில் ஓக்லஹோமாவின் வரலாற்று ஆர்வலர் குழு ஒன்றின் சார்பில் பிரெட் ஓல்ட்ஸ் என்பவர் நொகுச்சியிடம் பேசி உடலைக் கேட்டு வாங்கினார்.

குத்ரி

1977 ஏப்ரல் 22 அன்று குதிரை பூட்டிய பழைய பிணவண்டியில் எல்மரை குத்ரி நகரின் சம்மிட் வியூ கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 1889இல் அதே தேதியில்தான் ஓக்லஹோமா நிலத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்தார்கள்; குத்ரி நகரம் அந்த ஒரே நாளில் முளைத்தது. 31 வயதில் செத்தவரின் சவ ஊர்வலம் 65 ஆண்டுக்கு மேல் சுற்றிவிட்டு, மாநிலத்தின் பிறந்தநாள் போன்ற ஒரு நாளில் ஊர் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 300 பேர் கூடியிருந்தார்கள். இந்த முறை டிக்கெட் இல்லை.

பக்கத்துக் குழியில் இருப்பவர் பில் டூலின், 1896இல் சுட்டுக்கொல்லப்பட்டவர். இருவரும் முன்பே ஒரே கூரையின் கீழ் நின்றவர்கள். சோனியின் அருங்காட்சியகத்தில் டூலின் மெழுகாக நின்றார். எல்மர் எல்மராகவே நின்றார்.

கல்லில் இரண்டு தேதிகளைப் பொறித்தார்கள்: சுடப்பட்ட நாள், புதைக்கப்பட்ட நாள். மண் தள்ளுவதற்கு முன் சவப்பெட்டியின்மேல் இரண்டடி உயரத்துக்கு கான்கிரீட் ஊற்றினார்கள்.